ஒரு லட்சத்துக்குள் பழைய கார்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

கையில் ஒரு லட்சம் ரூபாய் இருந்தால் தமிழ்நாட்டில் இன்றைக்கு என்னென்ன கார் கிடைக்கும்? மாருதி 800, பழைய ஆல்டோ, சான்ட்ரோ ஜிங், முதல் தலைமுறை வேகன் ஆர், ஜென், ஆம்னி, இண்டிகா டீசல், நானோ, செவர்லே ஸ்பார்க், ஃபோர்டு ஐகான். இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால், ஒரு காலத்தில் தொழிலதிபர்கள் பின்சீட்டில் உட்கார்ந்து போன ஸ்கோடா ஆக்டேவியாகூட உங்கள் வாசலுக்கு வந்துவிடும். இவற்றில் எது நல்ல வண்டி என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என் கணக்கில் அது நான்காவது கேள்வி. முதலில் பேப்பர், அடுத்தது தகரம், மூன்றாவது உங்கள் ஊர் மெக்கானிக். அதற்கப்புறம்தான் மாடல்.

ஏன் இந்த வரிசை என்றால், இந்த விலை வண்டியில் இன்ஜின் கெட்டால் செய்துகொடுக்க ஆள் இருக்கிறார், சாமானும் கிடைக்கிறது. தரைத்தகடு துருப்பிடித்து உதிர்ந்த வண்டிக்கும், ஆர்சி (பதிவுச் சான்று) காலாவதியாகிப் பெயரும் மாறாமல் நாலு கை தாண்டி வந்த வண்டிக்கும் அப்படி வழி கிடையாது. வழி இருந்தாலும் அதற்கு ஆகும் செலவு வண்டி விலையைவிட அதிகமாகிவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு லட்சம் பட்ஜெட் என்றால் ஒரு லட்சத்துக்கு வண்டி எடுக்கக்கூடாது. அறுபத்தைந்து, எழுபதாயிரத்தில் முடித்துக்கொண்டு மீதியைத் தொடாமல் வையுங்கள். டயர், பேட்டரி, டைமிங் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், பிரேக் என்று முதல் சில மாதங்களிலேயே அந்தப் பணம் போய்விடும். விற்கிறவர் இவற்றையெல்லாம் மாற்றிவிட்டு விற்கமாட்டார். நாம் விற்றாலும் மாற்றமாட்டோம்.

சரி, பேப்பருக்கு வருவோம். சொந்த உபயோக காருக்கு முதல் பதிவு 15 வருடம் செல்லும். அதற்குமேல் ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். இதைத்தான் நாம் எஃப்சி என்கிறோம். 2022 ஏப்ரல் வரை 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு அது 10,000. இதோடு பசுமை வரி, புகைச் சான்று. அப்புறம் ஆர்டிஓவில் நிறுத்துவதற்காகப் பார்க்கும் டிங்கரிங், பெயின்ட், விளக்கு வேலை எல்லாம் தனி. கெடு தாண்டினால் மாதத்துக்கு 500 ரூபாய் தாமதக் கட்டணமும் உண்டு. இரண்டு வருடமாகப் புதுப்பிக்காமல் வீட்டோரம் நிற்கும் 800-ஐ 'சும்மா முப்பதாயிரம்தான்' என்று ஒருவர் கொடுத்தால், அந்தத் தாமதம் மட்டுமே 12,000 ரூபாய்.

அதனால் இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது மாடல் வருடத்தை மட்டும் பார்ப்பது தப்புக் கணக்கு. பதினான்கு வருடமாகி, பதிவில் ஒரே வருடம் மிச்சமுள்ள ஆல்டோவையும், பதினாறு வருடமாகி, ஏற்கெனவே எஃப்சி காட்டி இன்னும் நாலு வருடம் மிச்சமுள்ள ஆல்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். சந்தையில் முதல் வண்டிக்கு விலை கூட. நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். அந்த வண்டியை ஓர் அதிகாரி அண்மையில் பார்த்துப் பாஸ் செய்திருக்கிறார், செலவும் பழைய ஓனர் தலையில் முடிந்துவிட்டது. விளம்பரத்தில் 'எஃப்சி, இன்சூரன்ஸ் கரன்ட்' என்று போட்டிருந்தால் எந்தத் தேதி வரைக்கும் கரன்ட் என்று கேளுங்கள். அடுத்த மாதம் முடிகிற எஃப்சியும் இன்றைக்குக் கரன்ட்தான். அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் அது எத்தனையாவது ஓனர், பதிவு எதுவரை, கடன் பாக்கிப் பதிவு நீங்கியிருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடும்.

டில்லி நம்பர் வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தலைநகர்ப் பகுதியில் 10 வருடம் தாண்டிய டீசலையும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலையும் ஓட்டக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதிலிருந்து, கெடு நெருங்கும் கார்கள் மலிவாகத் தெற்கே இறங்குகின்றன. நல்ல வண்டிகளும் அதில் உண்டு. கடற்கரை உப்பு படாததால் தகரம் நம் ஊர் வண்டியைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்ப வரி கட்டி, நம்பர் மாற்றவேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வண்டிக்கு அந்த அலைச்சல் தகும். எழுபதாயிரம் ரூபாய் வண்டிக்குத் தகாது.

இனி தகரம். மேலே பெயின்ட் பளபளவென்று இருப்பதில் அர்த்தமில்லை. புது பெயின்டுக்குக் கீழே எவ்வளவு பட்டி (பள்ளத்தை அடைக்கும் பூச்சு) இருக்கிறது என்பதுதான் விஷயம். விரலால் தட்டிப் பாருங்கள். தகரமுள்ள இடத்தில் கணீரென்றும், பட்டி பார்த்த இடத்தில் சத்தமில்லாமல் மொத்தென்றும் கேட்கும். கால்மிதியைத் தூக்கி டிரைவர் காலடியைப் பாருங்கள். ஸ்டெப்னி கிடக்கும் குழி, கதவின் அடிவிளிம்பு, பானெட்டுக்குள் முன் சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், இவைதான் பழைய மாருதிகள் முதலில் துருப்பிடிக்கும் இடங்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னையில் கடலோரப் பகுதி வண்டி என்றால் கண்டிப்பாக லிப்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பார்க்கவேண்டும். சென்னை வண்டிக்கு இன்னொரு சோதனையும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முங்கிய கார்கள் கழுவித் துடைத்து வெளியூர்ச் சந்தைக்குப் போயின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மெக்கானிக் விஷயத்தில் ஒரே கேள்விதான்: நீங்கள் போகும் பட்டறையில் இந்த மாடல் எத்தனை நிற்கிறது? 'எல்லா வண்டியும் பார்ப்போம் சார்' என்பது பதிலாகாது.

இப்போது மாடல்களைப் பார்ப்போம். மாருதி 800-இல் ஆரம்பிப்பதுதான் மரியாதை. 1983 டிசம்பரில் வந்த கார், 2014 ஜனவரி வரை தயாரானது. 796 சிசி, மூன்று சிலிண்டர். எந்தக் கிராமத்திலும் இதைப் பிரிக்கத் தெரிந்தவர் இருப்பார். ஆனால் '800' என்று மொத்தமாகச் சொல்வதில் அர்த்தமில்லை. 2000 வாக்கில் வந்த எம்பிஎஃப்ஐ (பெட்ரோலை இன்ஜெக்டர் வழியாகத் தெளிக்கும்) வண்டிக்கும் அதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிக்கும் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம். கார்புரேட்டர் வண்டியைக் காலையில் சோக் இழுத்து எழுப்பவேண்டும், அடிக்கடி டியூனிங் பார்க்கவேண்டும். அதை ஆசையோடு செய்கிற கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் வேறு. பழைய ரப்பர் ஹோஸும் சீலும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால், வாரக்கணக்கில் நின்றே கிடக்கும் வண்டிக்கு அது இன்னும் தொல்லை. எந்தப் பழைய வண்டி எடுத்தாலும் முதல் வேலையாகப் பெட்ரோல் ஹோஸை மாற்றிவிடுங்கள். கார்புரேட்டர் 800 ஆசைக்கு வைத்துக்கொள்ள நல்ல பொருள். தினப்படி அலுவலகத்துக்கு என்றால் வேண்டாம்.

எம்பிஎஃப்ஐ 800 வேறு கதை. நாலு பேர் ஏறி ஏசி போட்டால் மேம்பாலத்தில் மூச்சு வாங்கும், பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஆனால் செலவு வைக்காது. ஒரு தகவல்: 2010 ஏப்ரலில் சென்னை உள்பட 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி வந்தபோது, 800 அங்கெல்லாம் விற்பனையிலிருந்து நின்றுவிட்டது. அதற்குப் பிந்தைய கடைசி வருடத்து 800 வேண்டுமென்றால் சிறு நகரப் பதிவு வண்டிகளில்தான் தேடவேண்டும். தேடினால் கிடைக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியரோ விவசாயியோ வாரத்துக்கு ஒருநாள் எடுத்த வண்டியாகவும் அது இருக்கலாம். ('டாக்டர் ஓட்டிய சிங்கிள் ஓனர் வண்டி' என்று புரோக்கர் சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களை எண்ணினால் ஒவ்வொரு டாக்டரும் ஆளுக்குப் பத்து கார் வைத்திருந்திருக்கவேண்டும்.)

ஆல்டோ, 800 செய்வதையெல்லாம் கொஞ்சம் நன்றாகவே செய்யும். 2000-இல் வந்தது. அதே 796 சிசி அளவுதான், ஆனால் 12 வால்வு, ஆரம்பத்திலிருந்தே எம்பிஎஃப்ஐ. எல்எக்ஸ்ஐ ரகம் என்றால் பவர் ஸ்டீயரிங்கும் இருக்கும். இதன் ஒரே குறை, எல்லோருக்கும் இது நல்ல வண்டி என்று தெரிந்திருப்பது. அதனால் விலை இறங்க மறுக்கிறது. ஒரே பணத்துக்குச் சுமாரான ஆல்டோவும் அருமையான சான்ட்ரோவும் கிடைக்கும் நிலைமை அடிக்கடி வரும். அப்போது சான்ட்ரோவை எடுங்கள். 2010-இல் வந்த ஆல்டோ கே10 பட்ஜெட்டுக்குள் வந்தால் யோசிக்கவே வேண்டாம். 998 சிசி, நல்ல இழுவை. டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் என்பதால் பெல்ட் அறுந்துபோகும் கவலையும் மிச்சம். ஆனால் ஒரு லட்சத்துக்குள் வரும் கே10 ஏன் அவ்வளவு மலிவு என்று ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள்.

சான்ட்ரோ ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த வண்டி. 1998-இல் 999 சிசியோடு வந்தது. 2003-இல் ஜிங் ஆகி 1086 சிசி ஆனது. உயரமான கூரை, ஏறி இறங்க வசதி, ஏசி மாருதிகளைவிட நன்றாகக் குளிரும். முதியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆல்டோவைவிட இதுதான் பொருத்தம். கவனிக்கவேண்டியவை இரண்டு. ஒன்று ஸ்டீயரிங் ரேக். மெதுவாக மேடுபள்ளத்தில் விட்டு, 'டக் டக்' என்று கைக்கு வருகிறதா பாருங்கள். மற்றது டைமிங் பெல்ட். இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி அவை வளைந்துபோகும், ஹெட்டைக் கழற்றவேண்டிவரும். பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இருந்தால் சரி. வாய்வார்த்தை என்றால் மாற்றாத மாதிரியே எடுத்துக்கொண்டு அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

வேகன் ஆர் இதற்கு நேர் போட்டி. 1061 சிசி, பெட்டி மாதிரி உடம்பு, உள்ளே தாராளமான இடம். பழையதில் கியர் லீவரும் ஸ்டீயரிங் தண்டும் கொஞ்சம் ஆட்டம் காட்டும். சாமான் மலிவு, மெக்கானிக் எங்கும் உண்டு. விலை சான்ட்ரோவைவிடக் கூடத்தான் சொல்வார்கள். இரண்டில் எது என்று கேட்டால் எனக்குத் தனி விருப்பம் கிடையாது. எதன் அடித்தகடு சுத்தமாக இருக்கிறதோ அது.

ஜென் பற்றி நிறையப் பேர் உருகுவார்கள். 993 சிசி அலுமினிய இன்ஜின், இறுகப் பிடித்து ஓடும் வண்டி. அந்தப் பேச்சில் உண்மை உண்டு. ஆனால் 2006-இல் நின்றுபோன வண்டி என்பதால் இன்றிருக்கும் ஜென் ஒவ்வொன்றும் எஃப்சி பார்த்தாகவேண்டிய வயதுதான். முக்கால்வாசி 20 வருடக் கட்டணத்துக்கும் வந்துவிட்டன. ஆசை இருந்தால் எடுக்கலாம், சிக்கனத்துக்காக எடுக்கக்கூடாது.

ஆம்னி நம் சினிமாவில் ஆள் கடத்துவதற்கென்றே பிறந்தது. நிஜத்தில் அது மளிகைக்கடைக்கும் கேட்டரிங்குக்கும்தான் லாயக்கு. முன்னால் உட்கார்பவரின் முழங்காலுக்கும் எதிரே வருவதற்கும் நடுவில் ஒரு தகரம்தான். கேஸ் கிட் போட்ட ஆம்னி என்றால் அது ஆர்சியில் ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறாத கிட், எஃப்சிக்கும் தடை, விபத்தில் இன்சூரன்ஸுக்கும் தடை.

நானோ? 2009-இல் ஒரு லட்சத்துக்குப் புதுக் காராக வந்தது. இன்று அதைவிடக் குறைந்த பணத்தில் நல்ல நிலையிலேயே கிடைக்கிறது. பின்னால் 624 சிசி இரண்டு சிலிண்டர் இன்ஜின், குறுகிய சந்தில் ஒரே வீச்சில் திரும்பும், உள்ளே உயரமானவரும் தலை இடிக்காமல் உட்காரலாம். பழைய மாடலில் பெட்ரோல் போடவே முன் மூடியைத் திறக்கவேண்டும், பின்பக்கம் திறக்கவே திறக்காது. டிக்கி என்று ஒன்றை எதிர்பார்ப்பவர் விலகிவிடலாம். டவுனுக்குள் மட்டும் ஓட்டும் இரண்டாவது வண்டி என்றால் நானோ கேலிக்குரிய யோசனை அல்ல. பார்க்கிறவர் கேலி செய்வார்கள், அது வேறு.

இண்டிகா டீசல் விஷயத்தில் கொஞ்சம் கணக்குப் போடவேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டீசல் மலிவு, மைலேஜ் கூட, அதனால் சிக்கனம் என்ற பழைய நினைப்பு இன்னும் போகவில்லை. வருடம் 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். ஆல்டோ லிட்டருக்கு 17 கொடுத்தால் 353 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 35,300. வயதான 1405 சிசி இண்டிகா 16 கொடுத்தால் 375 லிட்டர். டீசல் 92 ரூபாய் என்றால் 34,500. மிச்சம் வருடத்துக்கு 800 ரூபாய். ஒரு டீசல் ஃபில்டரையும் கூடுதலாக ஊற்றும் இன்ஜின் ஆயிலையும் சேர்த்தால் அதுவும் போச்சு. இன்ஜெக்டர், பம்ப் வேலை வந்தால் கணக்கே தலைகீழ். மேலும் கால் டாக்ஸி காலத்தில் ஓடித் தேய்ந்து, டி-போர்டிலிருந்து (வாடகைப் பதிவு) ஓன் போர்டுக்கு (சொந்தப் பதிவு) மாறிய இண்டிகாக்கள் ஏராளம். அந்த வண்டியில் கிலோமீட்டர் மீட்டரைப் பார்ப்பது வீண் வேலை. ஐந்து பேர் அடிக்கடி நீளமாகப் போகிற குடும்பம், தெரிந்த டீசல் மெக்கானிக், இரண்டும் இருந்தால் மட்டும் இண்டிகா.

இதே கணக்கு பெட்ரோல் வண்டிகளுக்கிடையேயும் உதவும். 18 கொடுக்கும் வண்டிக்கும் 14 கொடுக்கும் வண்டிக்கும் வருட வித்தியாசம் சுமார் 9,500 ரூபாய். குறைவாக ஓட்டுபவருக்கு இது இன்னும் சுருங்கும். அதனால் மைலேஜுக்காக மோசமான உடம்புள்ள வண்டியை எடுப்பதில் நியாயமில்லை. இன்சூரன்ஸிலும் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. 2022 ஜூனில் நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரீமியம் 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897, ஜிஎஸ்டி தனி. ஆல்டோவும் ஜென்னும் முதல் படியில் வரும், சான்ட்ரோ ஜிங்கும் வேகன் ஆரும் இரண்டாவதில்.

கம்பெனி ஊரைவிட்டுப் போன வண்டிகள்: செவர்லே 2017 கடைசியில் விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021-இல் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அதனாலேயே இவை வண்டியின் தரத்தைவிட மலிவாகக் கிடைக்கின்றன. ஐகான் மறைமலைநகரில் செய்யப்பட்டது. சென்னையைச் சுற்றி அதைத் தெரிந்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். சென்னைக்காரர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் அலைந்து சாமான் தேடிக்கொள்ளலாம். தேனியிலோ கிருஷ்ணகிரியிலோ இருப்பவர் ஒரு சாமானுக்காகப் பத்து நாள் வண்டியை நிறுத்திவைக்கத் தயாராக இருக்கவேண்டும். ஆக்டேவியா போன்ற பழைய பெரிய வண்டிகள், யானையை வாங்கித் தீனிக்கு அலையும் கதை. ஒரு சஸ்பென்ஷன் வேலைக்கு ஆகும் பணத்தில் ஒரு 800 வாங்கிவிடலாம்.

புது வண்டியோடு ஒப்பிடாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. நாலு லட்சம் கடன், ஐந்து வருடம், ஒன்பதரை சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 8,400. பழைய வண்டிக்கு மாதம் சராசரியாக அவ்வளவு ரிப்பேர் வராது, இது உண்மை. ஆனால் பாதுகாப்பில் பழைய வண்டி பக்கத்திலேயே வராது. 2014-இல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை அளக்கும் குளோபல் என்கேப் அமைப்பு சோதித்த ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஐந்துமே காற்றுப்பை இல்லாத நிலையில் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம் நட்சத்திரம் வாங்கின. நாம் பேசும் கார்கள் பெரும்பாலும் அவற்றைவிடப் பழையவை. வாராவாரம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் குழந்தைகளோடு போகிறவருக்கு என் பதில், இந்த விலையில் எந்தக் காரும் வேண்டாம், பஸ்ஸோ ரயிலோ பாருங்கள் என்பதுதான். ஊருக்குள்ளும் பக்கத்து ஊருக்கும் மழையில் நனையாமல், வெயிலில் வாடாமல் போகவேண்டும் என்பவருக்குப் பழைய கார் சரியான முடிவு. மாதத்துக்கு மூன்று நாலு தடவைதான் தேவை என்றால் பைக்கை வைத்துக்கொண்டு அவ்வப்போது டாக்ஸி பிடிப்பது இதையும்விட மலிவு.

ஆக, ஊருக்குள் சின்னக் குடும்பம் என்றால் ஆல்டோ, அது விலை படியாவிட்டால் கடைசி வருடத்து எம்பிஎஃப்ஐ 800. வீட்டில் முழங்கால் வலிக்காரர் இருந்தால் சான்ட்ரோ ஜிங் அல்லது வேகன் ஆர். இதற்கு வெளியே போவதற்கு உங்களிடம் தனிக் காரணம் இருக்கவேண்டும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணிவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படி எழுகிறது, நீலப் புகை வருகிறதா, ஆயில் மூடியின் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி படிந்திருக்கிறதா என்பதை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கு அன்றைய கூலியை நீங்களே கொடுங்கள். விற்கிறவரிடம் கமிஷன் வாங்காமல் இருக்க அதுதான் வழி.

பணம் கொடுக்கும் அன்றே படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிடுங்கள். கையெழுத்துப் போட்ட ஃபாரத்தை அலமாரியில் வைத்துக்கொண்டு 'விற்கும்போது நேராக அடுத்தவர் பெயருக்கு மாற்றிக்கலாம்' என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனவே ஒழுங்கான விற்பனையாளருக்கே உங்களைவிடப் பெயர் மாற்றத்தில் அவசரம் இருக்கும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இதற்கெல்லாம் இழுத்தடிக்கிற ஆளிடம் வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாங்கவேண்டாம். அதே மாடல் அடுத்த தெருவில் இன்னொன்று நிற்கும்.